ராசி எண் 2386

எங்கள் மேலாளர் கார் சாவியால் காது குடைவார். குடைந்த சாவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அதே கையின் ஆள்காட்டி விரலால் என் கணினித் திரையைத் தொட்டு, இங்கே ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்பார். அவர் நகர்ந்ததும் நான் துணியை எடுத்துத் திரையைத் துடைப்பேன். ஒன்பது வருடமாகத் துடைக்கிறேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் பச்சை. வரைபடத்தில் பச்சையைத் தவிர வேறு நிறம் அவர் கண்ணுக்கு ஆகாது.

அந்தக் காதழுக்கைவிட அசிங்கமான ஒன்றை அந்த அலுவலகத்துக்குள் கொண்டுவந்தவள் நான்தான். அதைச் சொல்லாமல் அவரை மட்டும் சொன்னால் எனக்கே என் மேல் குமட்டும்.

எங்கள் வேலை இதுதான். புதுத் தலைமுறை செல்போன் சேவைக்கு ஊருக்கு ஒரு பெரிய கோபுரம் போதாது. தெருவிளக்குக் கம்பத்துக்குக் கம்பம் ஒரு சின்னப் பெட்டி மாட்ட வேண்டும். பெட்டி போன்களோடு பேசினால் மட்டும் ஆயிற்றா? கேட்டதையெல்லாம் பின்னால் இருக்கிற பெரிய வலையமைப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தப் பின்பாதைக்குப் பேக்ஹால் என்று பெயர். ஒவ்வொரு கம்பத்துக்கும் தெருவைத் தோண்டி ஃபைபர் கேபிள் போட எந்த நிறுவனத்துக்கும் மனசு வராது. அதனால் ஒரு கம்பத்துக்கு மட்டும் ஃபைபர். மற்றவை வயரில்லாமல் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும், தீப்பிடித்த வீட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுவது போல. நடுவில் ஒருவன் வாளியைத் தவறவிட்டால் அவனுக்கு அந்தப் பக்கம் நிற்கிற எல்லாருக்கும் வெறுங்கைதான்.

கம்பத்தில் ஏணி சாத்துவதற்கு முன், அந்தத் தெருவைக் கணினிக்குள் கட்டி, சிமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்போம். கட்டடம் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆனால் எந்த நேரத்தில் மழை அடிக்கும், எந்தக் கிளை குறுக்கே ஆடும், எத்தனை பேர் ஒரே சமயத்தில் வீடியோ பார்க்க உட்காருவார்கள் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? அதைச் சிமுலேட்டர் பகடை போலத் தானே உருட்டிக்கொள்ளும். உருட்டலைத் தொடங்கிவைக்க நாம் ஓர் எண் கொடுக்க வேண்டும். அதை விதை எண் என்போம். அதே எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே மழை, அதே காற்று, அதே கூட்டம். எண்ணை மாற்றினால் வேறொரு நாள். அதனால் இருநூறு எண்கள் கொடுத்து இருநூறு முறை ஓட்டி, மோசமான நாளில் தெரு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். பச்சைக்கும் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு திட்டத்தைச் சும்மா சோதித்துப் பார்க்க, கைக்கு வந்த எண் ஒன்றை அடித்தேன். 2386. அது என் அண்ணன் ஓட்டிய பேருந்தின் எண். வரைபடம் முழுக்கப் பச்சை வழிந்தது, எங்கேயும் இணைப்பு அறுபடவில்லை. அந்த நேரம் பார்த்துப் பச்சை என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். இருநூறு முறை ஓட்ட இரண்டு நாள் ஆகும் என்றேன். எதற்கு, இதையே அனுப்பிவிடலாம் என்றார். நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன், அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது. அடுத்த திட்டத்திலும் அதே எண் கைகொடுத்தது. சில திட்டங்களில் கொஞ்சம் பல்லிளித்தால், கம்பத்தை அந்த எண்ணுக்குத் தோதாக இப்படி அப்படி நகர்த்திப் பச்சையாக்கிக்கொண்டோம். பரீட்சைக்கு ஒரே ஒரு கேள்வியைப் படித்துக்கொண்டு, அந்தக் கேள்வியையே கேட்கச் சொல்லி நாமே தாள் தயாரிப்பது போன்ற வேலை இது. அலுவலகத்தில் அதற்கு ராசி எண் என்று பெயரே வந்துவிட்டது. ஒருவர் அதைத் தன் போனுக்குக் கடவுச்சொல்லாகக்கூட வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு திட்டத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு வரி அச்சாகியிருக்கும்: 'பல விதை எண்களில் சோதித்து உறுதி செய்யப்பட்டது.' அதன் கீழே திட்டமிட்டவரின் கையெழுத்து. ஏழு திட்டங்களில் என் கையெழுத்து இருக்கிறது. ஏழு முறையும் அந்த வரியை நான் படிக்கவே இல்லை. படிக்காமல் இருப்பதற்கென்றே கண்ணைக் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன்.

எட்டாவது திட்டம் என் அண்ணன் இருக்கும் தெருவுக்கு வந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். வலிப்பு வர ஆரம்பித்ததும் ஓட்டக் கூடாது என்று ஆயிற்று. முதல் தடவை வந்த அன்றைக்கே தானாகப் போய்ச் சாவியை ஒப்படைத்தவர் என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். டிப்போவில் அவரைத் தொலைந்த பொருள் அறையில் உட்காரவைத்தார்கள். பயணிகள் விட்டுப்போகிற குடை, ஒற்றைச் செருப்பு, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றுக்கும் சீட்டுக் கட்டி அடுக்கிவைப்பது வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டிப்போவை ஒட்டிய தெருக்கோடியில், ஒன்பதாவது விளக்குக் கம்பத்துக்கு எதிர்வீட்டில் தனியாக இருக்கிறார். என்னை மேப்பு என்றுதான் கூப்பிடுவார். "என்ன மேப்பு, இன்னிக்கு எத்தனை தெருவுக்குப் பச்சை அடிச்சே?" என்று கேட்பார்.

அவர் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். அவர் விழுந்தால் அது என் போனை அழைக்கும். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைத்தது. பதினெட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். குளியலறையில், திறந்த குழாய்க்கு அடியில் கிடந்தார். தண்ணீர் போகிற ஓட்டையை அவர் தோளே அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் மூக்குக்கு ஒரு விரல் கீழே நின்றது. தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பட்டைக்கு சிக்னல் இல்லாமல் இருந்திருந்தால் என்று அதற்கப்புறம் நான் நினைக்காத நாள் இல்லை.

இப்போது அந்தப் பகுதிக்கு சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்த பழைய கோபுரத்தை இறக்கப்போகிறார்கள். அதற்குப் பதிலாக அந்தத் தெருவில் ஒன்பது கம்பங்களில் ஒன்பது பெட்டி. ஃபைபர் முதல் கம்பத்தில், பெரிய சாலைப் பக்கம். அண்ணன் வீட்டுக்கு வருகிற இன்டர்நெட்டும் இனி அதே பெட்டிகள் வழியாகத்தான். வரிசையின் கடைசி வாளி என் அண்ணனுடையது.

பச்சை ராசி எண்ணில் ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். பச்சை. அவர் திருப்தியாகச் சாவியைக் காதுக்குள் விட்டார். நான் மட்டும் யாரிடமும் சொல்லாமல் இருநூறு எண்களிலும் ஓட்டினேன். இரண்டு நாள் ஆயிற்று. நாற்பத்தோரு முறை நான்காவது கம்பத்துக்கும் ஐந்தாவது கம்பத்துக்கும் நடுவில் இணைப்பு அறுந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். தெரு அங்கே வளைகிறது. வளைவில் இரண்டு மரங்கள் தழைத்து நிற்கின்றன. நல்ல மழையில் நனைந்த கிளை குறுக்கே சாய்ந்தால் போதும், ஐந்திலிருந்து ஒன்பது வரை எல்லாம் செத்துவிடும். ஐந்து நாளில் ஒரு நாள் அண்ணன் கையில் இருப்பது வெறும் ரப்பர்.

இதே இருநூறு எண்களை அந்த ஏழு தெருக்களுக்கும் ஓட்டிப் பார்த்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக யோசித்தேன். அங்கேயும் யாருக்காவது அண்ணன் இருந்திருப்பார். என் வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான் எனக்கு இருநூறு ஞாபகம் வந்தது. பச்சையை அருவருக்க எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. தோன்றியதே தவிர அருவருப்பு குறையவில்லை, இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வந்தது.

அவர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு முனையிலும் ஃபைபர் கொடுத்தால் நடுவில் எங்கே அறுந்தாலும் கவலையில்லை, டிப்போவுக்குள் ஏற்கெனவே ஃபைபர் இருக்கிறது, அங்கிருந்து ஒன்பதாவது கம்பத்துக்கு இழுப்பது பெரிய வேலையில்லை என்று படம் போட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே நகம் வெட்டினார். வெட்டிய நகத்துண்டு ஒன்று என் படத்தின் மேல் வந்து விழுந்தது. தெருவுக்கு ஒரே ஃபைபர் என்று சொல்லித்தான் இந்த வேலையையே வாங்கியிருக்கிறோம், இரண்டாவது என்று வாயைத் திறந்தால் மானம் போய்விடும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, அந்தத் தெருவில் எனக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஆள் மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர். சொன்னேன்.

"இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே மேடம்," என்றார், உருகிப்போய். "ஃபைபரை அந்த முனைக்கு மாத்திடுவோம். ஒண்ணுலேர்ந்து எடுத்து ஒன்பதுல குடுங்க. உங்க அண்ணன் முதல் ஆளாயிடுவார். அறுந்தாலும் இந்தப் பக்கம் நாலு கம்பம்தான் போகும். அஞ்சு நாலாச்சு. முன்னேற்றம்தானே?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வாரத்துக்கு என் காதில் பிசுக்குப் போல ஒட்டிக்கொண்டிருந்தது.

இங்கே நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. ஃபைபரை முனை மாற்றி, ராசி எண்ணில் ஓட்டி, பச்சை வந்ததும் கடைசிப் பக்கத்தை எடுத்துக் கண்ணைக் கொஞ்சம் கீழே வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பேனா தடங்கக்கூட இல்லை. அதற்கப்புறம் கழிவறைக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அங்கே இருந்த சோப்பிலும் யாரோ ஒருவருடைய முடி ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை அண்ணனைப் பார்க்க டிப்போவுக்குப் போனேன். தொலைந்த பொருள் அறையில் எப்போதும் ஈரக்குடை நாற்றம் அடிக்கும். அண்ணன் ஒரு தட்டு நிறைய மூக்குக்கண்ணாடிகளை வைத்துச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கவலைப்படாதே, உன் பட்டைக்கு இனி எந்த மழையிலும் சிக்னல் அறுந்துபோகாது, நீதான் தெருவிலேயே முதல் ஆள் என்று சொன்னேன். அவருக்குச் சந்தோஷம்தான். எப்படி என்று கேட்டார். வாளிக் கதையைச் சொல்லி விளக்கினேன்.

ஒரு கண்ணாடியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "அப்போ அந்தக் கோடியில யாரு?" என்று கேட்டார்.

யாரோ இருக்கிறார்கள், எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"எனக்குத் தெரியும். முதல் கம்பத்து வீட்ல கண்ணாடிக்காரம்மா இருக்காங்க. இதுல பாதி அவங்களோடதுதான். வாரம் ஒண்ணைத் தொலைச்சிட்டு, இன்னொண்ணைப் போட்டுக்கிட்டுத் தேடிட்டு வருவாங்க. அவங்களும் தனியாத்தான் இருக்காங்க. கழுத்துல என் பட்டை மாதிரியே ஒரு பொத்தான் தொங்கும். மகன் வாங்கிக் குடுத்தது."

பேச்சை மாற்ற வேண்டும் போல இருந்தது. சிரித்துக்கொண்டே, உன் வண்டி எண்தான் எங்கள் ஆபீசுக்கே ராசி, தெரியுமா என்று ஆரம்பித்தேன். 2386 கதையை முழுக்கச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தார். முகம் எனக்குத் தெரியாத முகமாக மாறியது.

"எனக்கு முதல் தடவை வலிப்பு வந்தது அந்த வண்டியிலதான், வண்டி டிப்போவுக்குள்ள நின்னுட்டிருந்துச்சு," என்றார். "யாரும் பார்க்கலை. நானும் சொல்லலை."

முதல் நாளே சாவியை ஒப்படைத்தாயே என்றேன்.

"அது நீங்களா சொல்லிக்கிட்டது. நான் மறுக்கலை, அவ்வளவுதான். அதுக்கப்புறம் பதினோரு நாள் ஓட்டினேன். நிறைய ஆளை ஏத்திக்கிட்டு. ஒண்ணும் ஆகலை. தினமும் வண்டியை நிறுத்தினதும் ராசியான வண்டின்னு அதைத் தட்டிக் குடுப்பேன். பன்னெண்டாவது நாள் ஒரு பொம்பளை கைக்குழந்தையோட ஏறி என் பின்னாடி சீட்ல உட்கார்ந்தா. நான் வண்டியை எடுக்கலை. அப்பத்தான் போய்ச் சாவியைக் குடுத்தேன். பதினோரு நாளும் ஒண்ணும் ஆகலைங்கிறது என் சாமர்த்தியம் இல்ல மேப்பு. இன்னிவரைக்கும் அந்த எண்ணை எங்கயாவது பார்த்தா எனக்கு வாயில எச்சில் கசக்குது. நீ அதை வச்சுத் தெருத்தெருவா..."

முடிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்தக் கசப்பை விழுங்கிக்கொண்டு ஈரக்குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் அதை எடுத்து வரைபடத்துக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றினார். ஒரு சீட்டை எடுத்து அவருடைய அழகான கையெழுத்தில் எழுதினார். பொருள்: கைப்பட்டை ஒன்று. கிடைத்த இடம்: என் கை. உரியவர்: கண்ணாடிக்காரம்மாவாக இருக்கலாம். நூலால் சீட்டைக் கட்டி, பட்டையைக் கண்ணாடிகளோடு தட்டில் வைத்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு குடைகளைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார்.

விளையாடாதே, போட்டுக்கொள் என்றேன். அவர் திரும்பவில்லை. கெஞ்சினேன். அந்த அறையின் தரை சிமெண்ட். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கைப்பிடி இல்லை. இரும்பு அலமாரியின் முனை அவர் தலைக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. இப்போது விழுந்தால், இப்போது விழுந்தால் என்று அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்காரம்மாவின் மகன் எங்கேயோ உட்கார்ந்து இதே பயத்தைப் பட வேண்டும் என்றுதான் நேற்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அங்கேயே, குடைகளுக்கு நடுவில், பையிலிருந்து கணினியை எடுத்தேன். பச்சைக்கு எழுதவில்லை. வேலை கொடுத்த செல்போன் நிறுவனத்துக்கே நேராக எழுதினேன். பல விதை எண்களில் சோதித்ததாக நான் கையெழுத்திட்டது பொய். ஒரே எண்ணில்தான் ஓட்டினேன். இத்துடன் இருநூறு எண்களின் முடிவும் இருக்கிறது. அதில் ஃபைபரை எந்த முனையில் வைத்தாலும் அறுவது அதே வளைவில்தான். தெருவின் இரண்டு முனையிலும் ஃபைபர் வேண்டும். அது வரும்வரை பழைய கோபுரத்தை இறக்காதீர்கள். இதற்கு முன் நான் கையெழுத்திட்ட ஏழு திட்டங்களும் அதே ஒற்றை எண்தான், அவற்றையும் நிறுத்திச் சோதியுங்கள். அலங்காரம் எதுவும் செய்யவில்லை. நாற்பத்தோரு சிவப்பு வரைபடங்களையும் இணைத்தேன். அனுப்பினேன்.

கால் மணி நேரத்துக்குள் போன் அதிர்ந்தது. பச்சை. எடுக்கச் சொல்லி அந்தப் பச்சைப் பொத்தான் துடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி துடித்தது. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். வேலை போய்விட்டது என்று தெரிந்தது. நல்லவளாகிவிட்டேன் என்று ஒரு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஏழு தெருவும் அப்படியேதான் இருந்தன. என் விரலை முகர்ந்து பார்க்க வேண்டும் போலக்கூட இருந்தது.

எழுதியதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"இப்பவாவது பட்டையைக் குடு, அண்ணா," என்றேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தடித்த பதிவேட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். தொலைந்த பொருளைத் திரும்ப வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுகிற பதிவேடு. பேனாவையும் உருட்டிவிட்டார்.

"படிச்சிட்டுப் போடு," என்றார்.

ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஒரு வரி அச்சாகியிருந்தது. 'பொருளை நேரில் பார்த்துச் சோதித்து, சரியாக உள்ளதென உறுதி கூறிப் பெற்றுக்கொள்கிறேன்.' நான் பட்டையை எடுத்து, அதன் சின்ன விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். பழைய கோபுரத்திலிருந்து சிக்னல் வந்துகொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் இருந்த பொத்தானை அழுத்தினேன். கவிழ்த்து வைத்த என் போன் அண்ணன் பெயரைச் சொல்லி மேசையில் அதிர்ந்தது. வாசல் பக்கம் போய் நின்று இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். திரும்பி வந்து அந்த வரியை மறுபடி படித்தேன். அண்ணன் வெறும் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

மூன்றாவது முறையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.